மீட்டரில் எரியும் விளக்கு என்ன சொல்கிறது?

மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் நாலைந்து விளக்குகள் எரிகின்றன. சில விளக்குகள் இரண்டு விநாடியில் அணைந்துவிடுகின்றன. சில, வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் எரிந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுள் எது வழக்கமானது, எது எச்சரிக்கை, எதைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை உடனே நிறுத்த வேண்டும் என்று கேட்டால், பத்து ஆண்டுகளாக மோட்டார் ஓட்டுபவர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள்.

கிள்ளானிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் அன்றாடம் கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். அதிகாலை ஷிப்டுக்குப் போகும் தொழிற்சாலை ஊழியர், இரவுக் காவலுக்குப் போகும் பாதுகாவலர், பிரிக்பீல்ட்சில் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பங்சாருக்கு விரையும் இளைஞர் என எல்லாருடைய அன்றைய வருமானமும் வண்டி ஸ்டார்ட் ஆவதைப் பொறுத்தே இருக்கிறது. வண்டி ஒரு நாள் நின்றால், அந்த ஒரு நாள் சம்பளமும் நின்றுவிடும்.

அப்படி நின்றுவிட்டால் பெரும்பாலோர் செய்வது என்ன? பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, பேட்டரி போச்சு போல, மாத்திக் குடுங்க" என்பார்கள். பேட்டரி மாற்றப்படும். வண்டியும் ஓடும். மூன்று வாரம் கழித்து அதே கோளாறு திரும்ப வரும். பழி புதிய பேட்டரியின் மீது விழும். ஆனால் பல சமயங்களில் பேட்டரி குற்றவாளியே அல்ல. அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டிய சார்ஜிங் பகுதி வேலை செய்யாததால், பழைய பேட்டரி போன வழியிலேயே புதிய பேட்டரியும் போயிருக்கும்.

மின்கோளாறு விஷயத்தில் மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: முதலில் அளந்து பாருங்கள், பிறகு பொருளை மாற்றுங்கள். எரியும் விளக்கு வலிக்கும் இடத்தைத்தான் காட்டும். நோய் என்னவென்று சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

விளக்கு என்பது உயிர்ப் பிரச்சினை

இதைப் பணம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. மலேசியாவில் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் பலனை ராடின் உமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆராய்ந்தார்கள். மற்ற வாகனமோட்டிகளின் கண்ணில் மோட்டார் சைக்கிள் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று 1996-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. ஒரு சாதாரண பல்ப் எரிவதற்கும் எரியாததற்கும் இடையில் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இரவு பதினொரு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் பின்விளக்கு எரியாத மோட்டாரில் வீடு திரும்புபவர், தம் விளக்கு எரியவில்லை என்பதையே அறியாமல் போய்க்கொண்டிருப்பார். பின்னால் வருபவருக்கும் அவர் இருப்பது தெரியாது.

நிறங்களின் மொழி

மீட்டர் விளக்குகளைப் படிப்பதற்குப் போக்குவரத்து விளக்கைப் படிக்கும் அறிவே ஓரளவு போதும். பச்சையும் நீலமும் தகவல் சொல்பவை. பச்சை நிறத்தில் 'என்' என்ற எழுத்து எரிந்தால் வண்டி நியூட்ரலில் இருக்கிறது. நீல விளக்கு எரிந்தால் முன்விளக்கின் தூர ஒளி போடப்பட்டிருக்கிறது. பச்சை அம்புக்குறி சிக்னலுக்கு உரியது.

மஞ்சள் விளக்கு, கவனி என்கிறது. இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலோ, ஓட்டும்போது எரியத் தொடங்கினாலோ, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி ஏதோ ஒரு கோளாறைக் கண்டுவிட்டது என்று பொருள். சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். விளக்கோ, கணினிப் பெட்டிக்குப் போகும் மின்சாரமோ துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிகளில் அதற்கென ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்த பிறகுதான் அது அணையும். அணையாவிட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி இராது. மழையில் கூடுதல் கவனம் வேண்டும்.

சிவப்பு விளக்கு, நிறுத்து என்கிறது. எண்ணெய்க் குவளைப் படம் எரிந்தால் இஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை. வெப்பமானிப் படம் எரிந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால், சில ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை இஞ்சினையே பிரிக்கும் வேலையாக மாறிவிடும். தண்ணீரில் குளிரும் இஞ்சின் என்றால், சூடு முழுதும் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால்

பல ஹோண்டா, யமஹா இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மஞ்சள் விளக்கு சும்மா எரிவதில்லை. கணக்கோடு கண் சிமிட்டுகிறது. நீளமான ஒரு சிமிட்டல் பத்து, குறுகிய ஒரு சிமிட்டல் ஒன்று. ஒரு நீளமும் இரண்டு குறுகலும் வந்தால் 12. இரண்டு நீளமும் ஒரு குறுகலும் வந்தால் 21. சில வண்டிகளில் இந்த எண் மீட்டர் திரையிலேயே தெரியும்.

அதே எண் எல்லா நிறுவனத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஹோண்டா வண்டிகள் பலவற்றில் 12 என்பது இன்ஜெக்டரைக் குறிக்கும். யமஹாவில் அதே 12 கிராங்க் சுழற்சியை உணரும் சென்சாரைக் குறிக்கும். ஆகவே, உங்கள் மாடலுக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். இன்ஜெக்டருக்குரிய எண் வந்தால் இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாக வாங்குகிறார்கள். கணினிப் பெட்டிக்குத் தெரிவது, இன்ஜெக்டர் இருக்கும் மின்பாதையில் ஏதோ சரியில்லை என்பது மட்டுமே. சாக்கெட் தளர்ந்திருக்கலாம். பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். பேட்டரி பலவீனமாக இருந்தால்கூடச் சம்பந்தமில்லாத எண்கள் வருவதுண்டு. எண்ணைக் குறித்துக்கொண்டு, முதலில் அந்தச் சாக்கெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்ப்பதற்கு ஒரு சென்னும் செலவில்லை.

மின்சாரம் ஓடும் வழி

வீட்டுக் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்து அதை நிரப்புகிறது. தொட்டிக்குள் மிதக்கும் பந்து, நிறைந்ததும் வரத்தை அடைக்கிறது. மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான். பேட்டரிதான் தொட்டி. இஞ்சின் சுழலும்போது மின்சாரத்தை உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில்தான் தண்ணீர் வரும் குழாய். பட்டறைகளில் இதைப் பியூயல் காயில் என்றும் சொல்வார்கள். ரெகுலேட்டர் ரெக்டிபையர் என்ற பொருள்தான் மிதக்கும் பந்து. காயிலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும் வகைக்கு மாற்றி, அளவு மீறாமல் அது பார்த்துக்கொள்கிறது.

தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று. தொட்டி ஓட்டையாக இருக்கலாம். வரத்து நின்றிருக்கலாம். அல்லது எங்கோ ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருக்கலாம். தொட்டியை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

பழைய கார்புரேட்டர் கப்சாய்கள் பலவற்றில் முன்விளக்கு பேட்டரியைத் தொடாமல் காயிலிலிருந்தே நேராக எரியும். அதனால் சமிக்ஞை விளக்கருகே நிற்கும்போது மங்குவதும், முறுக்கினால் பிரகாசிப்பதும் அந்த வண்டிகளில் இயல்பு. பேட்டரி செத்தாலும் அவற்றுள் பலவற்றைக் கிக் அடித்து ஓட்டிவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அப்படியல்ல. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கணினிப் பெட்டி எல்லாவற்றுக்கும் சீரான மின்சாரம் தேவை. தந்தையின் பழைய வண்டியில் செல்லுபடியான பழக்கம் மகனின் புதிய வண்டியில் செல்லாது.

மூன்று அளவுகள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது. சாதாரண வகை ஒரு பேட்டரியைவிட மலிவாகவே கிடைக்கிறது. அதை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் தொட வேண்டும்.

முதல் அளவை இஞ்சின் ஓடாதபோது எடுக்க வேண்டும். இரவு முழுதும் நிறுத்திய வண்டியைக் காலையில் அளந்தால் சரியாக இருக்கும். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. உடனே தூக்கி எறியாமல் சார்ஜ் செய்து மீண்டும் அளக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் அளவில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவதே பாதுகாப்பு. காருக்குரிய பெரிய சார்ஜரைப் போட்டால் பேட்டரி வீங்கிவிடும்.

இரண்டாவது அளவை ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது எடுக்க வேண்டும். ஒரு கணம் வோல்ட் இறங்கும். அது இயல்பு. ஆனால் 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கினால், ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரியாக இருந்தாலும் அதற்குள் பலம் இல்லை. வெளியே நல்ல தோற்றம், உள்ளே நோய்.

மூன்றாவது அளவுதான் மிக முக்கியம். இஞ்சினை ஓடவிட்டு, சுமார் 5,000 சுழற்சிக்கு முறுக்கி அளக்க வேண்டும். 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் காட்டினால் சார்ஜிங் சரி. 12 வோல்ட்டிலேயே நின்றால் வரத்து இல்லை. காயில், ரெக்டிபையர், அவற்றை இணைக்கும் சாக்கெட் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. பல்புகள் அடிக்கடி பியூஸ் போவதற்கும் பேட்டரி சூடாகி வீங்குவதற்கும் இதுவே காரணம்.

ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி, இஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜிங் நல்லது என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது தப்பியிருக்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறிக் கணினிப் பெட்டியைச் சுட்டுவிடும். உங்கள் வண்டியில் யாரையும் அப்படிச் சோதிக்க விடாதீர்கள்.

நிறுத்தி வைத்தாலே இறங்கும் பேட்டரி

மூன்று அளவும் சரி, ஆனாலும் நாலு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரிக்கும் இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். பெரிய அளவிலிருந்து தொடங்கிச் சிறிய அளவுக்கு வர வேண்டும். அப்போது சாவியைத் திருப்பவோ, ஸ்டார்ட்டரைத் தொடவோ கூடாது. மீட்டர் போய்விடும்.

கடிகாரத்துக்கும் நினைவகத்துக்கும் சில மில்லி ஆம்பியர் செலவாவது சகஜம். ஆனால் திருட்டுத் தடுப்பு அலாரம், ஜிபிஎஸ் கருவி, சாவி வழியே போகாமல் நேரே பேட்டரியில் கொடுத்த கைப்பேசி சார்ஜர் ஆகியவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நாலே நாளில் காலியாகிவிடும். இழுப்பது 5 மில்லி ஆம்பியர் என்றால் அதே பேட்டரி நாற்பது நாள் தாங்கும்.

மழையும் உப்புக் காற்றும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை சொல்லாமல் வரும். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடம் உலக வங்கித் திட்டத்தின் கீழ் 1970-களில் அமைக்கப்பட்டு, 1990-களில் நீட்டிக்கப்பட்ட பெருமைக்குரிய தடம். ஆனால் கனமழையில் அதன் சுரங்கப் பகுதிகளில் தண்ணீர் தேங்குவதுண்டு. அதில் வண்டியை இறக்கினால் தண்ணீர் சாக்கெட்டுகளுக்குள் ஏறும். கிள்ளான் துறைமுகப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடல் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். வண்டி கழுவும் கடையில் அழுத்தத் தண்ணீரை மீட்டரிலும் இருக்கைக்கு அடியிலும் பாய்ச்சினாலும் இதே கதிதான்.

செம்புக் கம்பியில் பச்சையாகப் படியும் களிம்பு மின்சாரத்துக்குத் தடை. சாக்கெட்டைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டினாலே பாதிக் கோளாறுகள் மறைந்துவிடும். இஞ்சின் உடலோடு சேரும் எர்த் வயரையும் மறக்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவிலும் இஞ்சின் உடலிலும் மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த நட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினால் போதும்.

ஹேண்டில் கழுத்தில் வயர் கட்டு நாளுக்கு நூறு முறை மடங்கி விரிகிறது. மேலே பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் மெதுவாகத் திருப்புங்கள். விளக்கு மினுக்கினாலோ இஞ்சின் நின்றாலோ கோளாறு அங்கேதான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பவே கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டியில் முதலில் பேட்டரியைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, சாக்கெட்டுகளைக் காயவைத்து, இஞ்சின் எண்ணெயை மாற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தால், காய்ந்திருந்தால் பிழைத்திருக்கும் பொருள்களும் கருகிவிடும்.

பியூஸ் சொல்லும் செய்தி

பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸை ஒரு முறை மாற்றலாம். மறுபடியும் போனால் எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவதும், சிகரெட் ஈயத்தாளைச் சுற்றுவதும் தீயை அழைப்பதற்குச் சமம். அப்போது பியூஸுக்குப் பதில் வயர் எரியும். வயருக்கு மேலேயோ பெட்ரோல் தொட்டி.

கூடுதல் விளக்கும் பெரிய ஹார்னும் மாட்டுபவர்கள் காயில் தரும் மின்சாரம் அளவானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நெரிசலில் இஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வரத்து இன்னும் குறையும். சிக்னல் பல்பை மட்டும் எல்இடியாக மாற்றினால் அது படபடவென்று அடிக்கும். பழைய ரிலே, பல்ப் ஒன்று போய்விட்டதாக நினைத்துக்கொள்வதே காரணம். ரிலேயையும் சேர்த்து மாற்ற வேண்டும். எந்த மாற்றமும் செய்யாமலே ஒரு பக்கம் மட்டும் படபடத்தால், அந்தப் பக்கத்துப் பல்ப் ஒன்று உண்மையிலேயே போயிருக்கும்.

பட்டறைக்குப் போகும் முன்

வண்டியைத் தள்ளத் தொடங்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இஞ்சினை அணைக்கும் சுவிட்ச் அணைந்த நிலையில் இருக்கிறதா? பக்க ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா? பேட்டரி முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா? பியூஸ் நன்றாக இருக்கிறதா? வண்டி கீழே விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சாய்வை உணரும் சென்சார் இஞ்சினைத் துண்டித்திருக்கலாம். வண்டியை நேராக நிறுத்திச் சாவியை அணைத்து மீண்டும் திருப்பினால் அது சரியாகிவிடும்.

பிறகு பட்டறையில், "பேட்டரி மாத்துங்க" என்பதற்குப் பதிலாக, "அண்ணே, ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுதுன்னு அளந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். எந்த விளக்கு, எப்போது எரிந்தது, மழைக்கு முன்பா பின்பா, எத்தனை முறை சிமிட்டியது என்பதையும் சொல்லுங்கள். கைப்பேசியில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. நல்ல தொழில்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அளந்து காட்டுவார். கழற்றிய பழைய பொருளையும் கையில் கொடுப்பார்.

வாரத்துக்கு ஒரு முறை, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் போதும். சாவியைத் திருப்பி மீட்டரைப் பாருங்கள். வண்டியைச் சுவர் அருகே நிறுத்தி முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, நான்கு சிக்னல் ஆகியவை சுவரில் ஒளி விழுமாறு எரிகின்றனவா என்று பாருங்கள். பள்ளி செல்லும் பிள்ளைக்கும் இதைக் கற்றுக் கொடுங்கள். நாளை அவன் முதல் மோட்டாரை வாங்கும்போது, இந்த ஒரு நிமிடப் பழக்கம் அவனைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.